நைனாவுக்குக் கேட்ட ஸ்பீக்கர்

திருப்பதியில் காது சோதிக்கும் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். கேட்டால் அவர்கள் விரலைத் தூக்க வேண்டும். கடைசியில் காகிதத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்தே ஆள் என்ன வேலை செய்தவர் என்று பல நேரம் சொல்லிவிடலாம். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிற விசைத்தறிக்காரர்களின் கோடு ஒரே மாதிரி இருக்கும். தாழ்ந்த ஒலிகளில் நேராக வரும், இரண்டாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியதும் தயங்கும், நாலாயிரத்துக்குப் பக்கத்தில் கிணற்றில் விழுந்தது போல் இறங்கிவிடும். என் நைனாவின் கோடும் அதுதான். அதை வரைந்தவளும் நான்தான்.

நைனா, என் அப்பா, நகரியில் தறி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் எல்லோரும் சத்தமாகத்தான் பேசுவோம். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் நைனாவும் சண்டை போடுகிறோம் என்று நினைத்து என் கணவர் நடுவில் வந்து நின்றிருக்கிறார். நைனாவுக்கு நானே ஒரு காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டேன். இரண்டு நாள் போட்டுக்கொண்டார். அப்புறம் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். தலைக்குள் யாரோ தகரம் உருட்டுவது போல இருக்கிறதாம்.

நான் கிதார் வாசிப்பேன். கல்லூரி ஹாஸ்டலில் கூட இருந்த ஒருத்தி விட்டுவிட்டுப் போன கிதாரில் தொடங்கியது. இப்போது கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் ஒரு சிறிய குழுவில் இருக்கிறேன். விரலுக்குக் கீழே கம்பி அதிரும், ஆனால் சத்தம் வயர் வழியாக மிக்ஸருக்குப் போய், மண்டபத்தின் அந்தக் கோடியில் இருக்கும் பெரிய பெட்டிகளிலிருந்து வரும். நான் வாசித்ததை வேறு யாரோ வாசிப்பது போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்திருந்தேன்.

சித்தூரில் ஒரு வரவேற்பின்போது மைக் ஸ்டாண்ட் ஒன்று குறைந்தது. சவுண்ட் சர்வீஸ்காரரின் குடோனுக்கு எடுக்கப் போனேன். அங்கே பூத்தட்டுகளுக்கு அடியில், பழைய சூட்கேஸ் மாதிரிக் கறுப்புத் தோல் ஒட்டிய ஒரு பெட்டி இருந்தது. முன்பக்கம் துணி, மேலே சில குமிழ்கள். கிதாருக்கென்றே செய்த ஆம்ப். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகை. சவுண்ட் சர்வீஸ்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

"அதி வால்வு மேடம். வெயிட் எக்குவ, ரொம்ப ஜாஸ்தி. யாரும் தொடறதே லேது" என்றார். வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் போய் எடுத்து வந்தோம். அவர் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் எலக்ட்ரீஷியன். லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. கார்வேட்டிநகரம் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டார். பஸ் ஏறுவதற்கு முன்பே பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டி எடுத்து, துண்டில் சுற்றி என் கைப்பையில் வைத்தார். கடைசி சீட்டில் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். புத்தலப்பட்டு தாண்டும்வரை சாலை மோசம். பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் பெட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்தார், தூங்குகிற குழந்தையை வைத்திருப்பவர் போல.

வீட்டுக்கு வந்ததும் உடனே ஸ்விட்ச் போடவில்லை. வால்வு ஆம்புக்குள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தங்கியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடாமல் இருக்க இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் உள்ளே தொட்டார். தூசி தட்டினார், விட்டுப்போன இரண்டு பற்றவைப்புகளைச் சரிசெய்தார். சாயங்காலம் ஆனது. பிறகு ஸ்விட்ச்.

ஒன்றும் நடக்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் பொறு என்று கையைக் காட்டினார். கண்ணாடிக்குள் ஒரு கம்பி பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. அப்புறம் அடுத்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெட்டி மூச்சு விட்டது. ஒரு மெல்லிய 'உம்'. எத்தனையோ மின்சாரச் சாமான்களை அன்றாடம் பார்க்கிறவர், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வாசித்தபோது சத்தம் சின்னதாக இருந்தது. போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. குமிழை முழுக்கத் திருப்பியும் அதே கதைதான். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பழைய ஸ்பீக்கர் எப்போதோ போயிருக்க வேண்டும், யாரோ மண்டபத்துப் பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி உள்ளே மாட்டியிருந்தார்கள். அதிர்கிற கூம்பான கோன் தடித்தது, காந்தம் ஆட்டுக்கல் மாதிரி. போதாததற்குத் திறந்திருக்க வேண்டிய பின்பக்கத்தை ஒட்டுப்பலகை அடித்து முழுக்க மூடியிருந்தார்கள். வால்வுகளின் சூடு போக வழியே இல்லை. பலகையைப் பிடுங்கி, மேலேயும் கீழேயும் ஒரு சாண் மட்டும் விட்டு நடுவை அறுத்துவிட்டார். உடனே கொஞ்சம் காற்று வந்தது போல் இருந்தது. சத்தம் முன்னால் மட்டும் இல்லாமல் பின்சுவரில் பட்டும் வந்தது. ஆனாலும் போதவில்லை.

அதிலிருந்து ஸ்பீக்கர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கிளினிக்கில் ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் ஃபோனில் படிப்பேன். மண்டபத்து ஸ்பீக்கரை அசைக்கப் பெரிய ஆம்ப் வேண்டும். எங்கள் ஆம்பின் பலம் பதினைந்து வாட். கிதார் ஸ்பீக்கரின் கோன் மெல்லிய காகிதம், காயிலும் லேசு. சின்னத் தள்ளுக்கே துள்ளும். அதே ஆம்ப், அதே குமிழ், ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் நாலு மடங்கு பெரிய ஆம்பைக் கொண்டுவந்து வைத்தது போல் இருக்கும் என்று எழுதியிருந்தது. நான் நம்பவில்லை.

ஒரு நாள் மதியம் ஒரு கிதார் ஸ்பீக்கரின் படத்தைப் பார்த்தேன். எந்தெந்த ஒலியை எவ்வளவு கொடுக்கும் என்று காட்டும் கோடு. பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கோடு நேராக வருகிறது, இரண்டாயிரம் மூவாயிரத்தில் கொஞ்சம் மேடு, ஐயாயிரத்தைத் தாண்டியதும் செங்குத்தாகக் கீழே போகிறது. என் மேசையில் அன்று காலை எடுத்த தறிக்காரர் ஒருவரின் கோடு இருந்தது. எண்கள் வேறுதான், ஆனால் நின்ற நிலை ஒன்றாகவே இருந்தது. நேராக நடந்து வந்து மலை விளிம்பில் கால் தவறியவை இரண்டும். இந்த ஸ்பீக்கர் ஒரு ஆளாக இருந்திருந்தால் காது மிஷின் எழுதிக் கொடுத்திருப்பேன். மேலே உள்ள ஒலிகள் எல்லாம் வந்தால் கிதாரின் சத்தம் கொசு ரீங்காரம் போல் ஆகிவிடுமாம். அவை இல்லாததால்தான் அந்தச் சத்தம் இனிக்கிறதாம். குறை என்று நான் தினமும் ரிப்போர்ட்டில் எழுதுவதை வேண்டுமென்றே செய்து வைக்கிறார்கள் என்பதை நினைத்து அன்று முழுக்க ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சித்தூர் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொன்னபோது, பெங்களூரிலிருந்து இரண்டு கிதார் ஸ்பீக்கர்களை வரவழைத்துத் தருவதாகவும், வீட்டில் போட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். இரண்டும் பன்னிரண்டு அங்குலம், இரண்டும் எட்டு ஓம். ஆம்பின் பின்னால் போட்டிருந்த எண்ணும் அதுவே என்று என் கணவர் பார்த்துக்கொண்டார். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஓடவிட்டால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அதனால் ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டி, 'மாட்டாமல் போடாதே' என்று எழுதி வைத்தார். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர அதைத் தொட யாரும் இல்லை. இருந்தாலும் எழுதினார்.

ஸ்பீக்கர்கள் வந்த வாரம்தான் நைனா கண் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கண்ணில் கட்டும் அதன் மேல் கறுப்புக் கண்ணாடியுமாக, டிவி பார்க்கக் கூடாது என்ற உத்தரவோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். காது ஏற்கெனவே அப்படி, இப்போது கண்ணும் இல்லை. தொட்டுத்தான் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். வீட்டில் ஆம்ப் இல்லாமல் மெலிதாக மட்டும் ஒலிக்கும் எலக்ட்ரிக் கிதாரை நான் வாசிப்பதை அவர் பல வருடமாகப் பார்த்திருக்கிறார். விரல் ஓடுவதைப் பார்ப்பார், நான் நிறுத்தியதும் மரியாதைக்குத் தலையை ஆட்டுவார். அதனால் அவரை எழுப்பிவிடுவோமோ என்ற யோசனைகூட எங்களுக்கு வரவில்லை.

முதல் ஸ்பீக்கர் பளிச்சென்று இருந்தது. கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் வளையல் கடைக்குள் நுழைந்த மாதிரி. மேலே போகப் போக மினுக்கியது. சத்தமும் உண்மையாகவே பல மடங்கு, படித்ததை நம்பாதவள் குமிழைப் பாதிக்கு இறக்கினேன். என் கணவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இதுவே போதும், இன்னொன்றைப் பிரிக்கவே வேண்டாம் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வரவழைத்துவிட்டோமே என்பதற்காக மறுநாள் காலை இரண்டாவதையும் மாட்டினோம்.

அதன் காந்தம் பெரிது. வால்வுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடம்தான். திருகுகளை ஒரே பக்கமாக இறுக்கினால் சட்டம் கோணிவிடும் என்று எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். வால்வு சூடாகும்வரை காத்திருந்து, தடித்த கம்பி ஒன்றை மட்டும் தட்டினேன்.

இதில் மினுக்கல் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு நெஞ்சு இருந்தது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் முணுமுணுத்தன. அடுத்த கம்பிக்குப் போனேன், அதற்கடுத்தது, அப்படியே ஒரு மெட்டுக்குள் போய்விட்டேன். வாசித்துக்கொண்டே திரும்பினால் நைனா வாசல்படியில் நிற்கிறார். சுவரைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார்.

"யாருமா வந்து கீறது?" என்றார். "யாரோ பாடிக்கினு கீறாங்களே."

நான் நிறுத்திவிட்டேன். என் கணவர் அவர் தோளைத் தொட்டு அழைத்துவந்து பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்தார். நான் மறுபடியும் தட்டினேன். நைனா கறுப்புக் கண்ணாடியோடு முகத்தைப் பெட்டியின் பக்கம் திருப்பினார்.

"இதுவா? உன் கட்டையா?" கிதாரை அவர் கட்டை என்றுதான் சொல்வார்.

"ஆமா நைனா."

அவர் பெட்டியின் முன்துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இத்தினி நாளு இது பேசிக்கினா இருந்துது?" என்று கேட்டார்.

என்ன வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டுக்குப் பதிலாக, தாழ்ந்த கம்பியிலிருந்து ஒவ்வொரு கட்டமாக மேலே ஏறினேன். அவருக்கு எங்கே மறைகிறது என்று பார்க்கத்தான், தொழில் புத்தி. நான் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நைனா கிளினிக்கில் செய்தது போல் விரலைத் தூக்கினார். ஒவ்வொரு ஒலிக்கும் தூக்கினார். நடுக் கம்பிகளைத் தாண்டினேன். மெல்லிய கம்பிக்கு வந்தேன். இதோ இப்போது நின்றுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கிதாரின் கழுத்து முடிந்துவிட்டது, கடைசிக் கட்டம். அதற்கும் விரல் எழுந்தது.

அப்போதுதான் கணக்கு புரிந்தது. ஒரு கிதார் எட்டக்கூடிய உச்ச சுருதியே ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டியதுதான். நைனாவின் கோடு தயங்கத் தொடங்குவது இரண்டாயிரத்துக்கு அப்புறம். தறி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எல்லாம் அதற்கு மேலே இருந்தவை. பேச்சில் சொற்களைப் பிரித்துக் காட்டும் ச, த, ப போன்ற கூர்மைகள், குருவி, கொலுசு, குக்கர் விசில். அதற்குக் கீழே ஒரு முழு வாத்தியம், அடியிலிருந்து முடிவரை, அவருக்கென்று அப்படியே இருந்திருக்கிறது. இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம். ஒன்றை வயிற்றுப் பிழைப்புக்கும் மற்றதை ஆசைக்கும் வைத்திருந்தேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கிதாரை மடியில் படுக்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, முதல் ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டினார். அதே மெட்டை வாசித்தேன். நைனா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுவும் கேக்குது. ஆனா தெருவுல நின்னுக்கினு பேசற மாதிரி கீது. அது ஊட்டுக்குள்ள வந்து பேசிச்சு."

வளையல் கடை முழுவதும் அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இரண்டாவது ஸ்பீக்கர் தன் பலத்தையெல்லாம் நடுவில், அவருக்கு மிஞ்சியிருந்த இடத்தில் வைத்திருந்தது. எதை வைத்துக்கொள்வது என்று நான் கேட்பதற்குள் என் கணவர் முதல் ஸ்பீக்கரை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்கு அதுதானே பிடித்தது என்றேன்.

"எனக்கு எல்லாமே கேக்குது. ஏதோ ஒன்னு போதும்" என்றார்.

அடுத்த நாட்களில் நைனா காலையில் டிஃபன் சாப்பிட்டு முடித்ததும் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். பாட்டுதான் வேண்டும் என்றில்லை, ஒரே கம்பியை விட்டு விட்டுத் தட்டினாலும் போதும். அது எழுவதையும் தேய்வதையும் முழுக்கக் கேட்பார். தேய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். நான் கிளினிக்குக் கிளம்ப நேரமானாலும் அவர் எழுந்திருக்கும்வரை எனக்கு அணைக்க மனம் வராது. கட்டு பிரித்து ஊருக்குப் போகிற அன்று, ஆயுத பூஜைக்குப் பெட்டியை நகரிக்கு எடுத்துவர முடியுமா என்று கேட்டார். அவர் வேலை செய்யும் கொட்டகையில், தறி செட்டில், வைத்து வாசிக்க வேண்டுமாம். அவரோடு வேலை செய்பவர்களிடம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார்.

எடுத்துப் போனோம். வால்வுகள் மறுபடியும் துண்டில், என் மடியில். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த அந்தத் தறி செட்டை ஓடாமல் பார்த்தது பூஜை நாட்களில் மட்டும்தான். இரண்டு வரிசைத் தறிகள், மோட்டார்களுக்குச் சந்தனம் குங்குமம், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் மேல் செவ்வந்திப் பூ. பொரியும் சுண்டலும் தாளில் வைத்திருந்தார்கள். ஆட்கள் அந்த அமைதியிலும் பழக்கத்தில் உதட்டையும் கையையும் அசைத்தே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் கோட்டை நான் வரைந்திருக்கிறேன்.

பெட்டியை இரண்டு தறிகளுக்கு நடுவில் வைத்தோம். சூடாகும்வரை எல்லோரும் பின்பக்கம் குனிந்து கண்ணாடிக்குள் எரிவதைப் பார்த்தார்கள். நான் மெதுவாக ஆரம்பித்தேன். வீட்டில் வாசித்ததைவிட இங்கே சத்தம் கனிந்திருந்தது. சுற்றிலும் துணிச் சுருள்கள், நூல், பஞ்சு. எதிரொலி ஏதும் இல்லாமல் அது நேராகப் போய் ஆட்களிடம் நின்றது. முதலில் உதடுகள் நின்றன, அப்புறம் கைகள். ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றுகிற அம்மா ஒருத்தி சுண்டல் தாளைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் வந்து குந்தினாள். நைனா யாரையும் பார்க்கவில்லை. பூஜைக்கு உடுத்திய வெள்ளை வேட்டியோடு தன் தறியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

தாழ்ந்த கம்பிக்கு வந்தபோது என் கணவர் என் தோளைத் தட்டிப் பக்கத்துத் தறியைக் காட்டினார். இழுத்துக் கட்டியிருந்த பாவு நூல்கள், ஆயிரக்கணக்கான வெள்ளை இழைகள், தானாக நடுங்கிக்கொண்டிருந்தன. யாரும் தொடவில்லை, மோட்டாரும் ஓடவில்லை. ஜன்னல் வெயிலில் அவற்றின் மேல் படிந்திருந்த பஞ்சுத்தூள் எழுந்து நின்று ஆடியது. நான் கம்பியைக் கையால் அமுக்கினேன், நூல்கள் அடங்கின. மறுபடி தட்டினேன், அந்த முனையிலிருந்து இந்த முனைவரை சிலிர்த்தன.

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அந்தத் தறியைச் சுற்றி வந்துவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் அந்த நூல்களோடு இருந்தவர்கள், முதல்முறை பார்ப்பவர்கள் போலக் குனிந்து நின்றார்கள். தார் சுற்றுகிற அம்மா உள்ளங்கையை நூலின் மேல் படாமல் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இன்னொரு வாட்டி வுடுமா" என்றாள், தணிந்த குரலில்.

நான் தட்டினேன். சாயங்காலம் விளக்கு ஏற்றும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன். எந்தக் கம்பிக்கு எந்தத் தறியின் நூல் எழுகிறது என்று அவர்கள் ஒவ்வொரு தறியாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.